காளான் குடிலுக்குப் பனிமூட்டக் கருவி

சிப்பிக் காளான் குடிலில் காற்றின் ஈரப்பதம் 80 முதல் 85 சதவீதம் இருக்க வேண்டும். கைத்தெளிப்பானின் பெரிய துளிகள் மொட்டுகளின் மேல் தங்கினால் அழுகல் வரும். இதற்காகச் சிலர் ‘அல்ட்ராசானிக்’ பனிமூட்டக் கருவி வாங்குகின்றனர். பணம் கொடுக்குமுன் அது வேலை செய்யும் விதத்தை அறிவது நல்லது.

நீர் நிறைந்த தாம்பாளத்தைத் தட்டினால் நீர்ப்பரப்பில் சிற்றலைகள் எழும். கருவியின் அடியிலுள்ள பீங்கான் வில்லை, மின்சாரத்தால் விநாடிக்குச் சுமார் 17 இலட்சம் முறை அதிர்கிறது. (20,000-க்கு மேற்பட்ட அதிர்வு நம் காதில் விழாது.) அதிர்வு கூடக் கூட அலைகள் நெருங்கும். அதிர்வின் வீச்சும் போதிய அளவு இருந்தால் அலை முகடுகள் துளிகளாகப் பிய்ந்து பறக்கும். துளியின் அளவு அலை நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று 1962-இல் லாங் என்பவர் அளந்து காட்டினார். இக்கருவியில் துளி சுமார் 0.003 மி.மீ. மட்டுமே. தரையில் விழுமுன்பே பெரும்பாலும் காற்றில் கலந்துவிடும்.

கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான். கொதிக்கும் நீரின் ஆவியில் உப்பு வராது. இங்கோ துளியோடு உப்பும் பறக்கும். உவர் கிணற்று நீரை ஊற்றினால் காளான் மேல் வெண்தூள் படியும். வில்லையிலும் உப்பு படிந்து பனி குறையும். அழுக்குத் தொட்டியானால் கிருமிகளும் பறக்கும். மழைநீரே சிறந்தது. நீர் வற்றிய பின் கருவி ஓடினால் வில்லை சூடேறிக் கெட்டுவிடும்.

இதில் பூச்சிமருந்து அடிக்கலாமா என்று கேட்கின்றனர். கூடவே கூடாது. இவ்வளவு நுண்ணிய துளி இலையில் சரிவரப் படியாது. காற்றோடு மிதந்து மூச்சில் புகும்.

சிறு குடிலுக்குத் தரையில் ஈரமணலும் சுற்றிலும் நனைத்த சாக்கும் பெரும்பாலும் போதும். கோடையில் அதுவும் போதாதவர்கள் இக்கருவியை வாங்கலாம்.