கழிப்பறையில் 90 செ.மீ. காலியிடம் எதற்கு?

புது தில்லி: சக்கர நாற்காலியில் வருபவர் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்த இயலுமா என்பதைப் பெரும்பாலும் கழிப்பறைக் கோப்பையின் பக்கவாட்டில் விடப்படும் 90 செ.மீ. காலியிடமே தீர்மானிக்கிறது. அங்கு நாற்காலியை நிறுத்தி, சுவர்க் கைப்பிடியைப் பற்றியே அவர் கோப்பைக்கு மாற முடியும்.

இதற்காக, கோப்பையின் உயரம் நாற்காலிக்கு ஏறத்தாழ இணையாக 45 முதல் 48 செ.மீ. வரை இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள். கதவும் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்; உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவைத் தள்ளுவது கடினம்.

அந்தக் காலியிடத்தில் கைகழுவும் தொட்டியோ, துப்புரவு வாளியோ இருந்தால் வாசலில் வரையப்பட்ட சக்கர நாற்காலிச் சின்னத்தால் பயனில்லை.

இத்தகைய அளவுகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை 3 மாதங்களில் வகுக்குமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.