வெள்ளைத்தாளில் எழுதினாலும் உயில் செல்லும்!

பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான், சொட்டுநீர் மானியம் என எதற்கு விண்ணப்பித்தாலும் நாங்கள் முதலில் கேட்பது பட்டா, சிட்டா. பல பட்டாக்களில் இருக்கும் பெயர், இறந்து பல வருடங்களான ஒருவருடையது. நிலத்தை உழுவது மகன், தண்ணீர் பாய்ச்சுவது மருமகள், பட்டாவில் இருப்பதோ தாத்தா. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தபோது, விழுந்த மரத்தைவிட இந்தப் பெயர்ப் பிரச்சினைதான் சில குடும்பங்களைப் பாடாய்ப்படுத்தியது. திருப்பூரில் இருக்கும் தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், பேச்சுவார்த்தை நின்றுபோன அக்கா என எல்லோரிடமும் கையெழுத்துக்கு அலைந்தார்கள். வேளாண் அலுவலர் உயிலைப் பற்றி எழுதுவதற்கு இதுதான் காரணம்.

உயில் என்றதும் நம் ஆட்கள் சொல்வது மூன்று: 'அதெல்லாம் பணக்காரங்களுக்கு', 'வக்கீலுக்கு யார் செலவு பண்றது', 'அதை எழுதினா ஆயுசு குறைஞ்சிடும்'. மூன்றாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. முதல் இரண்டும் தவறு. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, முத்திரைக் கட்டணமும் கிடையாது. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில், உங்களுக்குத் தெரிந்த தமிழில், உங்கள் கையாலேயே எழுதலாம். சட்டம் முக்கியமாகக் கேட்பது இவ்வளவுதான்: எழுதுபவர் 18 வயது நிரம்பிய, நல்ல புத்தி சுவாதீனம் உள்ளவராக இருக்க வேண்டும், கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து, சாட்சி பற்றி 1925-ம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

31 வருட வழக்கு

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தமிழ்நாட்டு வழக்கு இருக்கிறது. மாரப்ப கவுண்டர் என்பவர் 1938-ல் நீதிமன்ற ஏலத்தில் சொத்து வாங்கினார். அவருக்கு ஒரே மகள், குப்பாயி அம்மாள். மாரப்ப கவுண்டர் உயில் எழுதாமல் இறந்தார். மகளும் 1967-ல் குழந்தை இல்லாமல் இறந்துபோனார். சொத்து யாருக்கு என்ற சண்டை அவருடைய சகோதரரின் பிள்ளைகளுக்கு இடையே வந்தது. சகோதரரின் மகள்களில் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு 1991-ல் வழக்குப் போட்டார்.

வழக்கின் மையமே, மாரப்ப கவுண்டர் இறந்தது 1949-லா, 1957-லா என்பதுதான். இடையில் 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. 1949 என்றால் சொத்து மகளுக்குப் போகாது, சகோதரரின் மகனுக்குத்தான் என்று ஒரு தரப்பு வாதாடியது. 1994-ல் கீழ் நீதிமன்றத்தில் வழக்கு தள்ளுபடி. 2009-ல் உயர் நீதிமன்றத்திலும் தள்ளுபடி. கடைசியில் 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம், '1956-க்கு முன்பே இறந்திருந்தாலும், தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்து மகளுக்குத்தான்' என்று சொல்லி, வழக்குப் போட்ட மகள் வழியினருக்குப் பங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்பது வழக்கின் பெயர். பெண்களுக்குப் பெரிய வெற்றி என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அதில் உறுத்துவது அந்த 31 வருடம். 'எனக்குப் பிறகு என் மகள் குப்பாயிக்கு' என்று இரண்டு வரி எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தால், அவர் எந்த வருடம் இறந்தார் என்று தேடவே வேண்டியிருந்திருக்காது.

எழுதாவிட்டால் எப்படிப் பிரியும்?

இந்துக் குடும்பத்தில் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால், மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சம பங்கு. இரண்டு ஏக்கர் நிலம், மனைவி, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 40 சென்ட். கணக்கு சுலபம். ஆனால், அந்த இரண்டு ஏக்கரில் இருப்பது ஒரே கிணறு, ஒரே மின் இணைப்பு, ரோட்டிலிருந்து வர ஒரே பாதை. அவை யாருடைய 40 சென்ட்டில் விழும்? நம் மாவட்டத்தில் நிலத்துக்காக வரும் சண்டையைவிட, தண்ணீருக்கும் பாதைக்கும் வரும் சண்டைதான் அதிகம் என்பது என் அனுபவம். இதைச் சட்டப்புத்தகம் தீர்க்காது. எந்த மூலையில் ஊற்று இருக்கிறது, எந்த வரப்பில் வண்டி போகும் என்று தெரிந்த நீங்கள்தான் எழுதிவைக்க முடியும்.

பூர்வீகச் சொத்து என்றால் கவனம் தேவை. பட்டா உங்கள் பெயரில் மட்டும் இருப்பதால் மொத்தமும் உங்களுடையது ஆகிவிடாது. அதில் உங்கள் பங்குக்கு மட்டும்தான் நீங்கள் உயில் எழுத முடியும். மகள்களுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே இதற்குச் சட்டத் திருத்தம் வந்தது, 2005-ல் நாடு முழுவதும் வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 'நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக்கொடுத்தாச்சு, அதோட கணக்கு முடிஞ்சது' என்பது வீட்டுத் திண்ணையில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது.

முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வாரிசு அல்லாதவருக்கு உயில் எழுதலாம். வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கத்து வாசகர்கள் ஜமாத்திலும் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது.

செட்டில்மென்ட் அவசரம்

'உயில் எதுக்கு, இப்பவே பையன் பேருக்கு செட்டில்மென்ட் பண்ணிட்டா போச்சு' என்று சொல்பவர்கள் உண்டு. செட்டில்மென்ட் பதிவான அன்றே நிலம் கைமாறிவிடும். நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருந்தால், 2007-ம் வருடத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு ரத்து செய்ய வழி இருக்கிறது. அந்த வயதில் எத்தனை முறை அலைய முடியும் என்பது வேறு விஷயம். உயில் அப்படியில்லை. உங்கள் மூச்சு இருக்கும்வரை நிலம் உங்களுடையது. மனம் மாறினால் கிழித்துப்போட்டு வேறு எழுதலாம்.

செலவிலும் வித்தியாசம் உண்டு. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றாலும் நிலத்தின் மதிப்பில் 1 சதவீதம் முத்திரைக் கட்டணம், அதற்கு மேல் பதிவுக் கட்டணம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பி.எம். கிசான் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்கு, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்திருந்தால் தவிர, பொதுவாகத் தொகை கிடைப்பதில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதிக்கொடுத்தால், அப்பாவுக்கும் வருடம் 6,000 ரூபாய் நின்றுபோகும், மகனுக்கும் வராது.

மகன் உடனே அந்த நிலத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும், ஆழ்துளைக் கிணறு போட வேண்டும் என்றால் உயில் உதவாது, செட்டில்மென்ட்தான். அப்போதும் மொத்தத்தையும் கொடுக்காமல், உங்களுக்கும் மனைவிக்கும் சோறுபோடும் அளவுக்கு ஒரு துண்டை நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி எழுதுவது?

அலங்காரமான வார்த்தைகள் வேண்டியதில்லை. கீழே உள்ளதுபோல எழுதினால் போதும்.

'புதுக்கோட்டை மாவட்டம், … வட்டம், … கிராமத்தில் வசிக்கும் … மகன் … ஆகிய நான், நல்ல நினைவுடனும், யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமலும் எழுதிவைக்கும் கடைசி உயில் இது. இதற்கு முன் எழுதிய உயில் ஏதாவது இருந்தால் அதை ரத்து செய்கிறேன். என் ஆயுள்வரை என் சொத்துகளை நானே அனுபவித்து வருவேன். என் காலத்துக்குப் பிறகு, சர்வே எண் … உட்பிரிவு … -ல் மேற்குப் பக்கம் 1 ஏக்கர் என் மனைவி … முழு உரிமையுடன் அடைய வேண்டியது. கிழக்குப் பக்கம் 1 ஏக்கரில் வடபுறம் 50 சென்ட் மகன் …, தென்புறம் 50 சென்ட் மகள் … அடைய வேண்டியது. கிணறும், மின் இணைப்பு எண் … உள்ள மோட்டாரும் மூவருக்கும் பொது. பராமரிப்புச் செலவு மூன்றில் ஒரு பங்கு வீதம். வடக்கு வரப்பை ஒட்டிய 12 அடி வண்டிப்பாதை மூவருக்கும் பொது.'

ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு எல்லையை எழுதுங்கள். வீடு, மாடு, மரங்கள், கூட்டுறவுச் சங்க வைப்பு, நகைக்கடன் என எதையும் விடாதீர்கள், கடனை யார் கட்டுவது என்பது உட்பட. வங்கியில் நாமினி போட்டிருக்கிறோம் என்று அதை விட்டுவிடுவார்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. பணம் வாரிசுகளுக்குத்தான் சேரும்.

மனைவிக்கு எழுதும்போது 'ஆயுள்வரை அனுபவிக்கலாம்' என்பதற்கும் 'முழு உரிமையுடன்' என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதல் வகையில் அவரால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட நிலத்தை விற்க முடியாது. கொஞ்ச நிலமாவது அவருக்கு முழு உரிமையில் இருக்கட்டும் என்பது என் கருத்து. கையில் நிலம் உள்ள அம்மாவை யாரும் 'இந்த மாசம் இவன் வீடு, அடுத்த மாசம் அவன் வீடு' என்று முறைவைத்து அனுப்புவதில்லை.

ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ, கொடுக்காமலோ விட்டால், காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். மனைவி, மக்களைக் காரணமில்லாமல் ஒதுக்குவது, பயன்பெறுபவரே முன்னின்று உயிலை எழுத வைப்பது, கையெழுத்து நடுங்கியிருப்பது போன்றவை சந்தேகத்துக்கு இடம் தருபவை என்றும், அவற்றைத் தெளிவுபடுத்துவது உயிலைக் கொண்டுவருபவரின் பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லியிருக்கிறது.

அதனால் படுக்கையில் விழுந்தபிறகு எழுதாதீர்கள். பயன்பெறுபவர் யாரும் சாட்சியாக வேண்டாம். பிற்பாடு தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் ஏறிச் சொல்ல வேண்டும். எனவே உங்களைவிட 15, 20 வயது குறைந்தவர், உள்ளூரிலேயே இருப்பவர் சரியாக இருப்பார். வெளிநாடு போகக் காத்திருக்கும் பையனைச் சாட்சி ஆக்காதீர்கள். 70 வயதைத் தாண்டியவர்கள் அன்றைய தேதியிலேயே ஒரு மருத்துவரிடம் 'நினைவாற்றலுடன் இருக்கிறார்' என்று சான்று வாங்கி இணைப்பது பாதுகாப்பு.

பதிவு செய்தால் நல்லதா? நல்லதுதான். உயிலுக்கான பதிவுக் கட்டணம் நிலத்தின் மதிப்பைப் பொறுத்தது அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் சிறு தொகைதான். மூலப்பத்திரம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த நகலை மற்றவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். முத்திரையிட்ட உறையில் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் முறையும் இருக்கிறது. பதிவு செய்த உயிலையும் எதிர்த்து வழக்குப் போட முடியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எழுதத் தெரியாதவர்கள், வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வாசகர்கள் கேட்டவை

கணவர் இறந்துவிட்டார், குழந்தை இல்லை. நானே நூறுநாள் வேலையிலும் ஆடு வளர்ப்பிலும் சேர்த்து 60 சென்ட் வாங்கினேன். என் தங்கை மகளுக்குச் சேருமா?

உயில் எழுதாவிட்டால் சேராது. குழந்தையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாக வாங்கிய சொத்து கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்றோரே உயிரோடு இருந்தாலும் அவர்களுக்குப் பிறகுதான் உரிமை. நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும், அம்மா. பதிவும் செய்துவிடுங்கள்.

பத்து வருடத்துக்கு முன் எழுதிய உயிலில் உள்ள ஒரு துண்டை விற்றுவிட்டேன். உயில் செல்லுமா?

விற்ற துண்டைப் பொறுத்தவரை செல்லாது, மற்றவற்றுக்குச் செல்லும். ஆனால், அந்தத் துண்டு யாருக்கு என்று எழுதியிருந்தீர்களோ அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். புதிதாக ஒன்று எழுதிவிடுவதே நல்லது. இதற்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும்.

அப்பா எழுதிய உயிலை வைத்து நேரடியாகப் பட்டா மாற்றலாமா? கோர்ட்டில் புரோபேட் வாங்க வேண்டும் என்கிறார்களே?

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள நிலத்துக்கு, இங்கேயே எழுதிய உயிலுக்கு புரோபேட் கட்டாயமில்லை. உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றுடன் இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை தெரிவித்தால் வட்டாட்சியர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். அதனால் விண்ணப்பிக்கும் முன் உங்கள் அக்கா, தங்கைகளிடம் உயிலைக் காட்டிப் பேசிவிடுங்கள். பட்டா உங்கள் பெயருக்கு வந்ததும் மின் இணைப்பு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பி.எம். கிசான் ஆகிய மூன்றிலும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வேலைக்கு எங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கே வரலாம்.