ஒரே ஒரு சுயேச்சையும் ஓர் அரசின் ஆயுளும்

1982 ஜனவரி 27. அயர்லாந்து நாடாளுமன்றத்தில் பட்ஜெட் மீது வாக்கெடுப்பு. துணிமணிக்கும் காலணிக்கும் 18 சதவீத மதிப்புக்கூட்டு வரி போடுவது பிரதமர் காரெட் ஃபிட்ஜெரால்டு அரசின் திட்டம். குழந்தைகளின் ஷூவுக்காவது விலக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேள்வி எழுந்தது. கொடுத்தால், சின்னப் பாதம் உள்ள பெண்களும் குழந்தைகள் ஷூவை வாங்கி வரியிலிருந்து தப்பிவிடுவார்கள் என்று அரசுத் தரப்பு சொன்ன காரணத்தை அயர்லாந்துக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. எண்ணிப் பார்த்தபோது அரசுக்கு ஆதரவாக 81 வாக்கு, எதிராக 82. ஓர் அரசு குழந்தைகள் ஷூவில் தடுக்கி விழுந்தது.

எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் ஜிம் கெம்மி. லிமெரிக் நகரத்துச் சுயேச்சை உறுப்பினர், கல்வேலைத் தொழிலாளியாக இருந்து அரசியலுக்கு வந்தவர். ஏழு மாதங்களுக்கு முன்பு ஃபிட்ஜெரால்டு பிரதமராக வாக்களித்தவரும் அவர்தான். கட்சி கிடையாது, கொறடா கிடையாது. ஏழைகள் தலையில் வரி விழுகிறது என்று நினைத்தார், எதிர்த்தார்.

பெரும்பான்மை இல்லாத ஓர் அரசை ஒற்றை ஆள் கவிழ்க்க முடிவது ஜனநாயகத்தின் கோளாறு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஒற்றை ஆள் எதற்காக, யார் பார்க்க, அந்தப் பலத்தைப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டு வாசகருக்குச் சிறுபான்மை அரசு புதிதல்ல. 2006இல் திமுக வென்றது 234இல் 96 இடங்கள். காங்கிரஸ் முதலிய கட்சிகளின் ஆதரவில் ஐந்தாண்டுகளும் ஆண்டது. அந்த ஐந்தாண்டும் ஜெயலலிதாவின் அறிக்கைகளில் அது ‘மைனாரிட்டி திமுக அரசு’தான். அதற்கு வெகு முன்பே, 1952இல், அன்றைய சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் 152 மட்டுமே வென்ற காங்கிரஸுக்கு ராஜாஜி தலைமையேற்று, நம்பிக்கை வாக்கெடுப்பில் 200க்கு 151 என்று ஜெயித்துக் காட்டினார். ஆளுங்கட்சிக்குப் பாதிக்கு மேல் சொந்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் எங்கேயும் சொல்லவில்லை. அமைச்சரவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பானது என்றுதான் சொல்கிறது. வாக்கெடுப்பு நாளில் வந்திருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. 234 பேர் உள்ள அவையில் ஆளுங்கட்சிக்கு 117, எதிர்க்கட்சிக்கு 116, ஒரு சுயேச்சை. ஆளுங்கட்சி தன் ஆளைச் சபாநாயகராக்கினால் அவர் வாக்களிக்க முடியாது. இரு பக்கமும் 116. சுயேச்சை எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் 117. அவர் எழுந்து வெளியே போய்விட்டால்? 116க்கு 116. சமநிலை வந்தால் மட்டும் சபாநாயகர் வாக்களிக்கலாம், அரசு பிழைக்கும். ஆக, அந்தச் சுயேச்சை அரசைக் காப்பாற்ற ஆதரித்து வாக்களிக்கக்கூட வேண்டாம். அந்த நேரம் கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தாலே போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். சபாநாயகரின் வாக்கை ஒதுக்கிவைத்தால், 116, 116, 1 என்று நிற்கும் அவையில் எந்த இரு தரப்பு சேர்ந்தாலும் வெற்றி, தனியாக எந்தத் தரப்பாலும் முடியாது. அப்படியானால் அந்த ஒருவரின் பலமும் 116 பேரின் பலமும் ஒன்றே. லாயிட் ஷாப்லி, மார்ட்டின் ஷூபிக் என்ற இரு அறிஞர்கள் 1954இலேயே இதைக் கணிதமாக எழுதிவைத்தார்கள்: இருக்கைகளின் எண்ணிக்கை வேறு, பலம் வேறு.

அந்தப் பலம் கையில் வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு மறுபடி அயர்லாந்துக்கே போக வேண்டும்.

ஷூ வரியால் வந்த தேர்தல் 1982 பிப்ரவரியில் நடந்தது. 166 இடங்களில் சார்லஸ் ஹாகியின் ஃபியன்னா ஃபாயில் கட்சிக்கு 81. மூன்று பேர் குறைவு. டப்ளின் மத்தியத் தொகுதியில் முதன்முறையாக வென்றிருந்தார் டோனி கிரெகரி என்ற சுயேச்சை. வயது 34, பள்ளி ஆசிரியர். அவர் தந்தை துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர். கிரெகரி கழுத்தில் டை கட்டாமல் அவைக்குப் போவார். தன் தொகுதியில் பலருக்கு டை வாங்க வசதியில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் தொகுதியின் நிலை அப்படி. டப்ளின் துறைமுகத்துக்கு கன்டெய்னர் வந்ததும் மூட்டை இறக்கி வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்புப் போனது. குடியிருப்புகள் இடிந்துகொண்டிருந்தன. ஹெராயின் தெருவுக்குள் நுழைந்திருந்தது. எந்தப் பெரிய கட்சிக்கும் அந்தப் பகுதி அவசரமாகப் படவில்லை.

திடீரென்று எல்லோருக்கும் அவசரம் வந்தது. சம்மர்ஹில் பகுதியில் இருந்த கிரெகரியின் சிறிய அலுவலகத்தைத் தேடி ஹாகியும் வந்தார், ஃபிட்ஜெரால்டும் வந்தார். பிரதமராக ஆசைப்பட்ட இருவரும் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து நகரின் ஏழைத் தெருக்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதுவே அந்த மக்களுக்கு அதுவரை கிடைக்காத ஒன்று.

கிரெகரி அமைச்சர் பதவி கேட்கவில்லை. பட்டியல் கொடுத்தார். தொகுதியில் 440 புதிய வீடுகள், டப்ளினின் பிற பகுதிகளில் 1,600 வீடுகள், மூன்றாண்டுகளில் 3,746 வேலைகள், துறைமுக வாரியத்திடமிருந்து 27 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது, கிளான்டால்கின் காகித ஆலையை அரசே ஏற்பது. மொத்த மதிப்பு 10 கோடி ஐரிஷ் பவுண்டுக்கு மேல் என்று அன்று பேசப்பட்டது. ஒரு பெரிய தொழிற்சங்கத்தின் பொதுச்செயலாளர் சாட்சியாக இருக்க, ஒப்பந்தம் எழுத்தில் போடப்பட்டது. அயர்லாந்தில் இன்றும் அதன் பெயர் ‘கிரெகரி ஒப்பந்தம்’.

அவர் செய்த மிகப் பெரிய காரியம் இதற்கு அடுத்தது. மார்ச் 9ஆம் தேதி, பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் விவாதத்தில் எழுந்து, ஒப்பந்தத்தில் இருப்பதை அவையிலேயே வாசித்தார். என் வாக்குக்கு நான் கேட்டது இது, அவர் ஒப்புக்கொண்டது இது என்று நாட்டுக்கே தெரிந்தது. நாடாளுமன்றக் குறிப்பேட்டில் அது ஏறிவிட்டது. இனி யாரும் மறுக்க முடியாது.

ஹாகி 86க்கு 79 என்று வென்றார். கூட்டிப் பாருங்கள்: அவர் கட்சி 81, தொழிலாளர் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியின் மூவர், இன்னொரு சுயேச்சை, கிரெகரி. முடிவைப் பார்த்தால் கிரெகரி இல்லாமலே ஹாகி பிரதமராகியிருப்பார்! ஆனால் பேரம் நடந்த நாட்களில் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் உறுதியில்லை. ஒற்றை வாக்குக்கு விலை இருப்பது எண்ணுவதற்கு முன்புதான்.

ஒரு தொகுதிக்கு மட்டும் இவ்வளவா, மற்றத் தொகுதி மக்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அன்று கடுமையான விமர்சனம் வந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொதுப் பணத்தைத் தேவை பார்த்துப் பங்கிட வேண்டுமே தவிர, யாரிடம் வாக்கு மாட்டிக்கொண்டது என்று பார்த்து அல்ல. ஆனால் அந்தப் பகுதி பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்டபோது இந்த நியாயத்தை யாரும் பேசவில்லை என்பதும் உண்மை. அவர் கேட்டது தனக்கல்ல, கேட்டதை மறைக்கவும் இல்லை. இந்த இரண்டும் இருக்கும் வரை அதைக் குதிரை பேரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஹாகியின் அரசு நவம்பர் தொடக்கத்தில் 82க்கு 80 என்று கவிழ்ந்தது. ஒப்பந்தத்தில் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றது. கொஞ்சம் வீடுகள் வந்தன. அந்தத் துறைமுக நிலத்தில் பின்னாளில் பன்னாட்டு நிதிச் சேவை மையத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. கிரெகரியைத் தொகுதி மக்கள் கைவிடவில்லை. 2009இல் இறக்கும் வரை, நடந்த எல்லாத் தேர்தலிலும் அவரையே அனுப்பினார்கள்.

இந்தப் பலம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 2010 தேர்தலில் 150 இடங்களில் தொழிற்கட்சிக்கு 72. எதிரணியும் ஏறக்குறைய அதே அளவு. டாஸ்மேனியாவின் ஹோபர்ட் நகரிலிருந்து வந்த சுயேச்சை ஆண்ட்ரூ வில்கி, 2003இல் இராக் போரை எதிர்த்து உளவுத்துறை வேலையை உதறியவர். எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட், ஹோபர்ட் மருத்துவமனைக்கு 100 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். அது பொறுப்பில்லாத தொகை என்று வில்கி மறுத்தார்; தொழிற்கட்சித் தலைவர் ஜூலியா கில்லார்டிடம் மருத்துவமனைக்கு 34 கோடியையும், சூதாட்ட இயந்திரங்களில் ஒருவர் எவ்வளவு இழக்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு வைக்கும் சட்டத்துக்கான வாக்குறுதியையும் பெற்றுக்கொண்டார். மற்றச் சுயேச்சைகள் டோனி வின்ட்சர், ராப் ஓக்‌ஷாட் உள்ளிட்டோர் ஆதரவோடு 76க்கு 74 என்று கில்லார்ட் அரசு அமைந்தது. அது தடுமாறிக்கொண்டே இருந்தாலும், 500க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. சிறுபான்மை அரசு எதையும் செய்யாது என்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

2011 நவம்பரில் ஆளுங்கட்சிச் சபாநாயகர் விலக, எதிரணியைச் சேர்ந்த பீட்டர் ஸ்லிப்பர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆளுங்கட்சிக்கு ஒரு வாக்கு கூடியது, எதிரணிக்கு ஒன்று குறைந்தது. இரண்டே மாதத்தில், 2012 ஜனவரியில், சூதாட்ட இயந்திரச் சட்டத்தை ஒப்புக்கொண்ட வடிவில் கொண்டுவர முடியாது என்று கில்லார்ட் கைவிட்டார். வில்கி ஆதரவை விலக்கினார். அரசு அசையவில்லை.

நம் ஊரில் இந்தக் கதைக்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்சி உறுப்பினரைக் கொறடாவுக்குக் கட்டிப்போட்டது. மீறினால் பதவி போகும். சுயேச்சைக்கு விதித்த தடை வேறு: வென்ற பிறகு ஒரு கட்சியில் சேரக் கூடாது. எந்த அரசையும் ஆதரிக்கலாம், ஆதரவை விலக்கலாம், அமைச்சராகலாம். 2008இல் கர்நாடகத்தில் 224இல் 110 வென்ற பாஜக அரசுக்குத் தோள் கொடுத்து அமைச்சரான சுயேச்சைகள் 2010இல் ஆதரவை விலக்கியதும், சபாநாயகர் ஐவரின் பதவியைப் பறித்தார். அமைச்சரவையில் இருந்ததாலேயே கட்சியில் சேர்ந்ததாக ஆகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் கட்சிக்காரரை விலைக்கு வாங்குவது கடினமாக ஆக, எத்தனை முறை வேண்டுமானாலும் பக்கம் மாறக்கூடிய சுயேச்சையின் சந்தை மதிப்பு ஏறியது.

அந்த மதிப்பு எவ்வளவு ஏறும்? முதலமைச்சர் நாற்காலி வரை. 2005இல் ஜார்க்கண்டின் 81 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பாஜக சீட்டுக் கொடுக்க மறுத்ததால் சுயேச்சையாக நின்று வென்ற மது கோடா, அர்ஜுன் முண்டா அரசை ஆதரித்து அமைச்சரானார். 2006 செப்டம்பரில் அவரும் இன்னும் மூவரும் விலக, அரசு விழுந்தது. எதிரணியின் ஆதரவோடு அதே மாதம் 18ஆம் தேதி கோடாவே முதலமைச்சரானார். 2008 ஆகஸ்ட் வரை நீடித்தார். 2017இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் தில்லி சிறப்பு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறார். நீதிமன்றம் முடிவாக எதைச் சொன்னாலும், ஒரு கேள்விக்கு எங்கும் பதில் இல்லை: இரு அணிகளோடும் அந்தச் சுயேச்சைகள் பேசி முடித்தது என்ன? அவையில் வாசித்துப் பதிவு செய்த கிரெகரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நீதிமன்றங்கள் ஒரு கதவை அடைத்திருக்கின்றன. 1993இல் நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 265க்கு 251 என்று தோற்கடித்தபோது, ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்பிக்கள் பணம் வாங்கி வாக்களித்ததாக வழக்கு நடந்தது. லஞ்சம் வாங்கி அவையில் வாக்களித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1998இல் தீர்ப்பு வந்தது. அது மாற 26 ஆண்டுகள் ஆயின. 2024 மார்ச் 4இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது என்று ஒருமனதாகச் சொன்னது.

பணம் வாங்கினால் தண்டனை என்பது இப்போது தெளிவு. பணமில்லாத பேரம், அதாவது துறை, வாரியத் தலைவர் பதவி, கான்ட்ராக்ட், வழக்கில் தளர்வு, இவை இன்னும் இருட்டில்தான் நடக்கின்றன. ஆளுநரிடம் கொடுக்கும் ஆதரவுக் கடிதத்தில் ‘நிபந்தனையற்ற ஆதரவு’ என்று எழுதியிருக்கும். நிபந்தனை ஏதோ ஒரு ரிசார்ட் அறையில் பேசி முடிக்கப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால், நிபந்தனையற்ற ஆதரவு தருகிறேன் என்கிற சுயேச்சையைவிட, என் தொகுதிக்கு இந்தக் குடிநீர்த் திட்டம் வேண்டும், இந்த மருத்துவமனைக்கு மருத்துவர்கள் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குகிறவர் எவ்வளவோ நேர்மையானவர்.

அடுத்த முறை ஏதாவது ஒரு மாநிலத்தில் தொங்கு சட்டமன்றம் அமைந்து, தொலைக்காட்சிகள் எந்தச் சுயேச்சை எந்த விமானத்தில் ஏறினார் என்று காட்டிக்கொண்டிருக்கும்போது, வாசகர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: அவர் கேட்டது என்ன, எழுத்தில் இருக்கிறதா, அவையில் அது வாசிக்கப்பட்டதா? அவர் உங்கள் தொகுதிக்காரராக இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். அவர் கையில் இருப்பது உங்கள் வாக்கு.