பழைய விளையாட்டும் பாமினிக் கோப்பும்

தொண்ணூறுகளில் கணினி பழகியவர்கள் 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா' விளையாட்டை மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய டொஸ் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் அது ஓடாது. கோப்பில் பழுதில்லை, கணினிதான் வேறாகிவிட்டது.

அக்கால நிரல்கள் 16 பிட் கட்டளைகளால் எழுதப்பட்டவை. இன்றுள்ள 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. வேகமும் ஒரு சிக்கல். சில பழைய விளையாட்டுகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. செயலி எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அதையே நேரமாகக் கொள்ளும். புதிய செயலியில் அவை கண்மூடித் திறக்குமுன் ஓடி முடிந்துவிடும்.

இதற்கு வழி இரண்டு. புதிய கணினிக்குள் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளை வைப்பது ஒன்று. 2002இல் வந்த டொஸ்பொக்ஸ் அந்த வகை. மற்றது, மூல நிரலை எடுத்துப் புதிய கணினிக்கு ஏற்பத் திருத்துவது. அதற்கு மூலம் கையில் இருக்க வேணும். ஜோர்டன் மெக்னர் 1989இல் அப்பிள் 2 கணினிக்கு எழுதிய இவ்விளையாட்டின் மூல நிரல் தொலைந்ததென்றே கருதப்பட்டது. 2012இல் அவருடைய தந்தை ஒரு பெட்டிக்குள் அந்தப் புளொப்பிகளைக் கண்டெடுத்தார். அதன் பிறகே நிரல் உலகுக்குக் கிடைத்தது.

விளையாட்டுக்கு நேர்ந்தது நமது எழுத்துக்கும் நேர்ந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஏடுகளையும் நூல்களையும் விட்டுவிட்டே போனார்கள். பிறகு புத்தளத்திலும் கொழும்பிலும் இருந்துகொண்டு ஊர் நினைவுகளையும் மலர்களையும் எழுதினார்கள். கணினியில் அச்சுக்கோத்த அவற்றுள் பல, பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் செய்யப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். இன்றைய இன்டிசைன் அந்தக் கோப்புகளை நேரே திறக்காது.

பாமினி தமிழைத் தமிழாகச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கிறது, அவ்வளவுதான். 'தமிழ்' என்று நாம் வாசிப்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் தெரிவது அந்த ஆங்கிலக் குப்பைதான். ஒருங்குறியிலோ தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. இலங்கையில் 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 தரமும் தமிழுக்கு ஒருங்குறியையே ஏற்றது.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவது எண்ணுக்கு எண் மாற்றுகிற வேலை மட்டுமல்ல. 'கொ' என்று எழுத, பாமினியில் முதலில் கொம்பு, பிறகு ககரம், கடைசியில் கால். ஒருங்குறியில் ககரம் முன்னே வரும்; ஒகரக் குறி பின்னே வரும். மாற்றி இந்த வரிசையைச் சரியாகத் திருப்பாவிட்டால் கொம்பு முந்திய எழுத்தில் போய் ஏறும்.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. 'முஸ்லிம்' என்ற சொல்லின் ஸகரம் பாமினியில் இருப்பது மூடும் சதுர அடைப்புக்குறியின் இடத்தில். ஜ, ஷ, ஹ மூன்றும் குறியீட்டு விசைகளில்தான். கோப்பைத் துப்புரவாக்குகிறோம் என்று யாராவது குறியீடுகளை நீக்கினால் ஷாஜஹானும் இஸ்மாயிலும் எழுத்திழந்து நிற்பார்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழென்று எண்ணிக் குழப்பிவிடும். அரபு வசனங்களைப் பழைய அரபு எழுத்துருவில் இட்டிருந்தால் அவற்றைத் தனியே தட்டெழுதுவதே நல்லது.

அச்சுப் பிரதி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்று சொல்ல மாட்டேன். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் பக்கங்களைப் படமாக்கி எவ்வளவோ காப்பாற்றியிருக்கிறது. ஆனால் படத்துக்குள் ஒரு பெயரைத் தேட முடியாது. சோனகத் தெருவில் வாழ்ந்த ஒருவரின் பெயரைப் பேரப்பிள்ளை தேடினால் கிடைக்க வேணும் என்றால், அது எழுத்தாகவே இருக்க வேணும்.

ஆகவே மலர் போட்டவர்கள், பதிப்பகம் நடத்தியவர்கள், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்தவர்கள் வீட்டிலுள்ள புளொப்பி, சீடிகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் ஒரு பிரதி எடுங்கள். அதை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பெயர்களை இருமுறை பாருங்கள். கணினி தெரிந்த பிள்ளையும், அந்தப் பெயர்களை அறிந்த மூத்தவரும் ஒரே மேசையில் இருந்தால்தான் இந்த வேலை சரியாக நடக்கும். புளொப்பியும் காத்திருக்காது; மூத்தவர்களும் எப்போதும் இருக்கப்போவதில்லை.