மயக்க மருந்துக்கு முன் ஒரு காஷன் ஆர்டர்

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். எங்காவது பாதை பலவீனமாக இருந்தால், ஸ்டேஷன் மாஸ்டர் மூலம் டிரைவருக்கு எழுத்தில் 'காஷன் ஆர்டர்' போய்விடும். இன்ஜினிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பலவீனம் தெரியாது. அறிந்தவன்தான் சொல்லியாக வேண்டும்.

இத்தனை காலம் இதைச் செய்த நானே சென்ற ஆண்டு ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனபோது தவற விட்டிருப்பேன். "சர்க்கரை, பிரஷர், வேறு ஏதாவது உண்டா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். பக்கத்திலிருந்த என் மனைவி, "உங்க கால் விஷயத்தைச் சொல்லுங்களேன்" என்றாள்.

சிறு வயது முதலே எனக்குப் பாத வளைவு அதிகம். கணுக்கால் அடிக்கடி பிசகும். என் தகப்பனாருக்கும் அப்படியே. சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் இது. 1886-இல் இதை விவரித்த மூன்று டாக்டர்களின் பெயர்கள் அவை. பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு உண்டு என்கிறார்கள்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். மூச்சுக் குழாய் பொருத்துமுன் தசையைத் தளர்த்த சக்ஸமெதோனியம் என்ற மருந்து தருவதுண்டு. நரம்புத் தொடர்பு குன்றிய தசைகளிலிருந்து அது பொட்டாசியத்தைத் திடீரென ரத்தத்தில் கலக்கச் செய்யலாம். இதயத் துடிப்பே தடுமாறலாம். "இந்நோய் உள்ள பலருக்குத் தீங்கின்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் மாற்று மருந்து இருக்கும்போது அந்த அபாயம் எதற்கு?" என்றார்.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். மயக்கத்தில் முழங்கையோ முழங்காலோ அழுந்தினால் நமக்குத் தெரியாது; ஏற்கெனவே நலிந்த நரம்பு மேலும் கெடும். ஆகவே மெத்தென்ற அணை வைக்க வேண்டும். சிலருக்கு மூச்சுத் தசைகளும் பலவீனமாயிருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே சோதித்து, பின்பும் கவனிக்க வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது நோயின் பெயர் எழுதிய சீட்டு ஒன்று என் பர்ஸில் இருக்கிறது. என் தம்பிக்கும் மகனுக்கும் பிரதி கொடுத்திருக்கிறேன். எங்களுக்குள்ள வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

கல்யாணப் பேச்சு கெடுமே என்று இத்தகைய நோய்களை மூடி மறைக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். மயக்க மருந்து டாக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள். வண்டி கிளம்பிய பிறகு காஷன் ஆர்டர் கொடுத்துப் பயனில்லை.