காரீயத்தின் இரு வெப்பநிலைகள்

கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள செட்டியார் தெருவில், பொற்கொல்லர் கையாளும் கருநிற மூசையைக் கண்டோர் பலர். 1064 பாகை செல்சியசில் பொன் உருகி ஓடுகின்றது. மூசையோ அசையாது நிற்கின்றது. அதற்கு அவ்வுறுதியைத் தருவது காரீயம். வெள்ளவத்தைச் சிறுவனின் பென்சிலில் இருப்பதும் அதுவே. போகலை, கஹட்டகஹ முதலிய இடங்களிற் பாறைப் பிளவுகளூடே நரம்பு நரம்பாய் ஓடும் இலங்கைக் காரீயம் தூய்மையாற் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறிற்று. ஏறியது கல்லாகவே ஏறிற்று. கல்லை ஆராயும் கலை நம்மிடையே அதே அளவில் வளர்ந்ததா என்று கேட்பின், சிறிது நாணத்துடனேயே விடை கூறவேண்டும்.

காபன் அணுக்கள் அறுகோணமாய்க் கைகோத்து, தாள்மேல் தாளாய் அடுக்கப்பட்ட பளிங்கே காரீயம். இவ்வணுவொழுங்கைச் சாலகம் என்பர். அசையாது நிற்பதாய் நாம் கருதும் மூசை சுடுகின்றதெனில், அதன் சாலகம் அதிர்கின்றது என்பதே பொருள். தாளுக்குள் நிகழும் விரைந்த அதிர்வொன்றுக்கு ஏறத்தாழ 21 பெம்தோ செக்கன் செல்லும். ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடி கூறாக்கினால், அதில் ஒரு கூறே பெம்தோ செக்கன். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1928 இல் கண்ட ஒளிச்சிதறல், இவ்வதிர்வின் மீடிறனை அளக்க உதவிற்று. ஆயினும் வெப்பம் சாலகத்துள் எவ்வாறு புகுகின்றது என்பதைத் தொடர்ந்து காண்பதற்கு வேறோர் உபாயம் வேண்டியிருந்தது.

அவ்வுபாயம் இரண்டு ஒளித்துடிப்புகள். முதலாவது பளிங்கைத் தட்டும். இரண்டாவது சற்றுத் தாமதித்து வந்து பார்க்கும். ஆடியொன்றை ஒன்றரை மைக்கிரோமீற்றர் பின்னே நகர்த்தினால் ஒளி போய்வரும் வழி மூன்று மைக்கிரோமீற்றர் நீளும். 10 பெம்தோ செக்கன் தாமதம் கிடைத்துவிடும். மணிக்கூடின்றிக் காலத்தை அளக்கும் இவ்வெளிமையே எனக்குப் பெருவியப்பு. இரண்டாவது துடிப்பு ஊதாக்கடந்த ஒளியாயின், மேற்பரப்பின் ஒருசில அடுக்குகளிலிருந்து இலத்திரன்கள் வெளியேறும். அவற்றின் சக்தி உள்ளே நிகழ்வதைச் சொல்லும். மிக நீண்ட அலைகளைக் கொண்டு பார்ப்போரும் உளர்.

அவ்வாறு பார்த்து, 2005 இல் பேர்லின் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு சுவையானது. ஒளியை முதலில் உண்பவை இலத்திரன்கள். அவை கொதிக்கும் வேளையிற் சாலகம் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். 500 பெம்தோ செக்கனுள் இலத்திரன்கள் தம் சக்தியின் பெரும்பகுதியை இழக்கின்றன. ஆனால் அதனைப் பெறுபவை எல்லா அதிர்வுகளும் அல்ல, ஒருசிலவே. கலியாணப் பந்தியில் முன்வரிசைக்கு மாத்திரம் பரிமாறியது போலத்தான். அவ்வரிசையின் சூடு தணிந்து ஏனைய அதிர்வுகளுக்குப் பரவ ஏறத்தாழ 7000 பெம்தோ செக்கன் ஆகின்றது.

அவ்விடைவேளையிற் காரீயத்தின் வெப்பநிலை யாது என்று மாணவனொருவன் வினவினால், ஆசிரியர் ஓர் எண்ணைச் சொல்லித் தப்ப இயலாது. ஒரு பொருளுக்கு ஒரு வெப்பநிலை என்னும் பாடம், பொருள் அமைதியுற்ற பின்னரே பொருந்தும். இது வெறும் ஏட்டு நுணுக்கமும் அன்று. ஒற்றைத் தாள் காரீயமாகிய கிரபீனாற் செய்யும் நுண்கருவிகளில், மின்னோட்டம் ஓரளவுக்குமேற் பெருகாது தடுப்பவற்றுள் இச்சூடேறிய அதிர்வுகளும் சேரும்.

2008 இல் நிறுவப்பெற்ற இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம், ஹோமாகமையில் நம் காரீயத்திலிருந்து கிரபீன் ஆக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளது. மான்செஸ்டரில் 2004 இல் கிரபீனைப் பிரித்தெடுத்து 2010 இல் நோபெல் பரிசு பெற்றவர்கள் கையாண்டது ஒட்டுநாடாவே. போகலைக் கல்லொன்றும் ஒட்டுநாடாச் சுருளொன்றும் கிடைத்தால், பளிங்கின் மேற்பரப்பைத் தாள் தாளாய் உரித்துக் காட்ட வெள்ளவத்தை வகுப்பறையும் போதும்.