பயன் ஓரிடம், பாரம் ஓரிடம்

புதியதொரு தொழில்நிலையம் வருங்கால் ஊரார் எதிர்த்தெழுவாராயின், அவர்களை அறியாமையுடையோர் என்றும் முன்னேற்றத்தின் பகைவர் என்றும் இகழ்வது கற்றோர் சிலரின் வழக்கம். ஆயின், அவ்வெதிர்ப்பின் வேர் பெரும்பாலும் அறியாமையன்று. பயன் ஒரு சாராருக்கும் பாரம் மற்றொரு சாராருக்கும் சென்று சேர்வதே அதன் வேராம். இன்று உலகின் பல பாகங்களிலும் தரவு மையங்களைப் பற்றி எழுந்துள்ள பூசல் இதற்குத் தக்க சான்றாகும்.

தரவு மையம் என்பது யாது? நாம் கைபேசியில் அனுப்பும் கடிதமும் படமும், செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் வினாவும் ஆகாயத்தில் தங்குவனவல்ல. கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கி நிறுத்தப்பட்ட பெருங்கட்டடங்களே அவற்றின் இருப்பிடம். அக்கணினிகள் அல்லும் பகலும் இயங்குதற்கு மின்சாரம் வேண்டும். அவற்றின் வெப்பத்தைத் தணித்தற்குப் பல இடங்களில் நீரை ஆவியாக்குகின்றனர். 2024ஆம் ஆண்டில் உலகத்தார் நுகர்ந்த மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 1.5 பங்கு இம்மையங்களிற் செலவாயிற்று எனச் சர்வதேச எரிசக்தி முகவரகம் கணித்துள்ளது. கட்டட வேலை முடிந்தபின் அங்கே தொழில் பெறுவோரோ சிலரே. பயன் கடல்கடந்து செல்கின்றது. இரைச்சலும் புகையும் நீர்க்குறைவும் அயலிலேயே தங்கிவிடுகின்றன.

எதிர்ப்பு செல்வரிடத்தும் உண்டு, வறியோரிடத்தும் உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் வில்லியம் மாவட்டத்தில், பழைய போர்க்களம் ஒன்றின் அருகே பல தரவு மையங்களை அமைப்பதற்கு 2023 டிசெம்பரில் ஒப்புதல் வழங்கப்பட்டது. வசதிபடைத்த அயலவர் வழக்குத் தொடுத்தனர். முறையான அறிவித்தல் கொடுக்கப்படவில்லை எனக் கண்ட நீதிமன்றம், 2025 ஓகஸ்டில் அவ்வொப்புதலைச் செல்லாதாக்கிற்று. மெம்பிஸ் நகரிலோ, விடுதலைபெற்ற அடிமைகள் முன்னாளில் அமைத்த பொக்ஸ்ரவுன் என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு அண்மையில், எக்ஸ்ஏஐ நிறுவனம் 2024இல் தன் மையத்தை நிறுவி, எரிவாயுச் சுழலிகளை அனுமதிப்பத்திரம் பெறாமலே இயக்கத் தொடங்கிற்று. ஊரார் தூய காற்றுக்காகக் குரலெழுப்பினர். எனினும் 2025 யூலையில் 15 சுழலிகளுக்கு அனுமதி கிடைத்தது.

இவ்விரண்டினைக் கொண்டு மட்டும் விதி வகுத்தல் கூடாது. சிலி நாட்டின் செரில்லோஸ் என்னும் ஊரில் உழைக்கும் மக்கள் பல்லாண்டு போராடினர். 2024இல் கூகிள் நிறுவனம் நீரால் குளிர்விக்கும் திட்டத்தைக் கைவிட்டுக் காற்றால் குளிர்விக்கும் முறையை நாடிற்று. ஆகவே, ஊராரின் எதிர்ப்பு ஆக்கத்தைத் தடுப்பதாகவே முடியும் என்பதில்லை. அதனைத் திருத்துவதாகவும் அமையலாம்.

நமக்கும் இது புதிய பாடமன்று. வற்றாத ஆறொன்றேனும் இல்லாத குடாநாடு நமது. மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. அதனையே கிணறுகளில் அள்ளுகின்றோம். மேலே சிந்துவது விரைவிற் கீழே சேரும். சுன்னாகம் மின்நிலையச் சூழலிற் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்தமை இவ்வுண்மையை உணர்த்திற்று. அங்குப் பிறந்த மின்சாரம் தொலைவிலுள்ள வீடுகளிலும் விளக்கேற்றியது. எண்ணெய் கலந்த கிணறோ அயலூராருடையது. பணமுள்ளவர் போத்தல் நீர் வாங்கலாம். கூலிக்கு உழைப்பவர் பவுசர் வரும்வரை வாளியோடு காத்திருத்தல் வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியைத் தழுவி, உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் அளித்த தீர்ப்பில், நோர்தேன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. நீதி கிடைத்தது, ஆயின், கெட்ட நீர் தீர்ப்பினால் உடனே தெளிவதன்று.

நம் கல்லூரி பொறியியலாளரையும் நிருவாகிகளையும் சட்டத்தரணிகளையும் உருவாக்கியுள்ளது. திட்டம் வரையும் மேசையிலும் ஒப்பமிடும் மேசையிலும் நம்மவர் அமர்கின்றனர்; அயலிலுள்ள தோட்டக்காரர் அங்கு அமர்வது அரிது. ஆதலின், நாளை எத்தகைய நிலையம் இங்கு வரினும் மூன்று வினாக்களை நம்மவரே முதலிற் கேட்டல் வேண்டும்: எவருடைய நீர் செலவாகும்? எவருடைய பிள்ளைகளுக்குத் தொழில் கிடைக்கும்? கேடு நேரின் ஈடுசெய்பவர் யார்? இவற்றுக்குரிய விடைகளை, கிணற்றடியில் வாழ்வோர் விளங்கும் தமிழில், ஒப்பமிடுமுன் அவர்கள்முன் வைத்தல் கற்றோரின் கடனாகும்.